மிச்சம் பிடித்தால் செலவு கூடுமா? நிலக்கரியில் விடை தேடிய ஜெவன்ஸின் கதை

2025 ஜனவரி கடைசி வாரம். சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த செலவில் உருவாக்கிய ஏ.ஐ. மாடல் ஒன்று உலகப் பங்குச் சந்தையையே ஆட்டிவைத்தது. சிப் தயாரிக்கும் என்விடியாவின் பங்கு ஒரே நாளில் சுமார் 17 சதவீதம் சரிந்தது. இவ்வளவு சிக்கனமாக ஏ.ஐ. ஓடும் என்றால் இனி அத்தனை சிப்பை யார் வாங்குவார்கள் என்ற பயம்தான் காரணம்.

மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவோ நேர் எதிராகப் பேசினார். ஏ.ஐ. மலிவானால் அதன் பயன்பாடு குறையாது, எகிறும் என்று எக்ஸ் தளத்தில் பதிவிட்டார். அதற்கு அவர் சொன்ன பெயர், ஜெவன்ஸ் முரண்பாடு.

ஆற்றல் பொருளாதாரத்தைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர்கள் இந்தப் பெயரைத் தவறாமல் சந்திப்பார்கள். பெயருக்குச் சொந்தக்காரர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். சோலார் பேனலும் மின்சாரக் காரும் இல்லாத காலத்தில், ஒரு நாடு தன் எரிபொருளை எத்தனை நாள் இப்படியே எரித்துக்கொண்டிருக்க முடியும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர். அந்தக் கணக்கில் சில இடங்களில் அவர் மோசமாகத் தவறினார். ஒரே ஓர் இடத்தில் அவர் கண்டுபிடித்தது மட்டும் 160 ஆண்டுகள் கழித்தும் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

யார் இந்த ஜெவன்ஸ்?

1835 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். அப்பா தாமஸ் ஜெவன்ஸ் இரும்பு வியாபாரி. வீட்டில் 11 பிள்ளைகள், இவர் ஒன்பதாவது. 10 வயதில் அம்மாவை இழந்தார். ரயில்வே பங்குகள் ஊதிப் பெருத்து வெடித்த 1847 நெருக்கடியைத் தொடர்ந்து, 1848-ல் குடும்பத்தின் வியாபாரமும் திவாலானது. வசதியான வீடு சில மாதங்களில் கையைக் கடிக்கும் வீடாக மாறியது. ஒரு நாட்டின் பொருளாதாரம் ஏன் திடீரென்று ஏறுகிறது, ஏன் விழுகிறது என்ற கேள்வி கடைசிவரை அவரை விடவே இல்லை. அதற்கான விதை வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது எனலாம்.

ஆனால் அவர் முதலில் படிக்கப் போனது பொருளாதாரம் இல்லை, வேதியியல். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நன்றாகவே படித்துப் பரிசுகளும் வாங்கினார். படிப்பு முடியும் முன்பே ஒரு வேலை தேடி வந்தது. ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. சிட்னியில் புதிதாகத் திறக்கவிருந்த நாணயச் சாலையில் தங்கத்தின் தரத்தைச் சோதிக்க ஆள் தேவைப்பட்டது. பேராசிரியர் தாமஸ் கிரஹாம் இவரைப் பரிந்துரைத்தார். சம்பளம் கொழுத்தது. குடும்ப நிலைமையோ மோசம். 1854-ல் கப்பல் ஏறும்போது ஜெவன்ஸுக்கு வயது 18.

கைநிறையச் சம்பளம், மனசு நிறையல

சிட்னியில் வேலை பெரிய சுமையாக இல்லை. மீதி நேரத்தில் வானிலையைப் பதிவு செய்தார், புகைப்படம் எடுத்தார், நகரத்தின் தெருக்களில் நடந்து எந்தப் பகுதியில் எந்த வர்க்கத்து மக்கள் வாழ்கிறார்கள் என்று குறிப்பெடுத்தார். அந்த நேரத்தில் நியூ சவுத் வேல்ஸில் ஒரு விவாதம் சூடு பிடித்தது. ரயில் பாதைகளுக்கு அரசு பணம் போட வேண்டுமா? போட்ட பணம் திரும்பி வருமா? ஜெவன்ஸ் இதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். எழுத எழுதத்தான் தனக்கு எதில் ஆர்வம் என்பது அவருக்கே புரிந்தது.

இங்கேதான் அவர் அந்த முடிவை எடுத்தார். நல்ல சம்பளம் தரும் வேலையை 23 வயதில் விட்டுவிட்டார். 1859-ல் அமெரிக்கா வழியாக ஊர் திரும்பி, பாதியில் விட்ட அதே கல்லூரியில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். இந்த முறை பொருளாதாரமும் தத்துவமும். கூடப் படித்தவர்கள் பலர் அவரைவிடச் சின்னவர்கள்.

படிப்பு சுலபமாகப் போகவில்லை. 1860-ல் நடந்த பொருளாதாரத் தேர்வில் அவர் எதிர்பார்த்த முதலிடம் கிடைக்கவில்லை. பாடத்தில் இல்லாத ஒரு புதிய கோட்பாடு தன் கையில் இருப்பதாக உறுதியாக நம்பியவருக்கு இது பெரிய அடி. ஆனால் ஒதுங்கிவிடவில்லை. பிறகு ரிக்கார்டோ உதவித்தொகையை வென்றார். 1862-ல் தங்கப் பதக்கத்தோடு எம்.ஏ. முடித்தார்.

அதே ஆண்டு தன் கோட்பாட்டைச் சுருக்கி எழுதி, கேம்பிரிட்ஜில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்துக்கு அனுப்பினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு தங்கத்தின் மதிப்பு சரிவதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அச்சுக்குப் போட்ட காசுகூடத் திரும்பவில்லை. வயது 28-ஐ நெருங்கியது. மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் டியூட்டர் வேலைதான் கிடைத்தது. உலகம் திரும்பிப் பார்க்கும்படி ஒரு விஷயத்தை எடுத்துப் பேசினால் ஒழிய, தன் கணிதப் பொருளாதாரத்தை யாரும் படிக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் நிலக்கரி?

அன்றைய பிரிட்டன் நிலக்கரியில் ஓடியது என்று சொன்னால் அது மிகையில்லை. ரயில், கப்பல், நூற்பாலை, இரும்பு உலை, வீட்டு அடுப்பு என எல்லாவற்றுக்கும் அதுதான். 1863-ல் தொழிலதிபரும் பொறியாளருமான வில்லியம் ஆம்ஸ்ட்ராங், நியூகாசிலில் பேசும்போது இந்தக் கரி தீர்ந்துபோகும் நாளைப் பற்றிய கேள்வியைக் கிளப்பினார். ஜெவன்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். நூலகத்தில் பழைய புள்ளிவிவரங்களைத் தோண்டினார். 1865-ல் அவரது நிலக்கரிப் பிரச்சினை நூல் வெளிவந்தது.

நூலின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. 4,000 அடி ஆழம்வரை பிரிட்டனில் சுமார் 8,300 கோடி டன் நிலக்கரி இருப்பதாக புவியியலாளர் எட்வர்ட் ஹல் மதிப்பிட்டிருந்தார். 1861-ல் வெட்டியெடுத்தது சுமார் 8.36 கோடி டன். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்குக் காணும். அப்புறம் என்ன கவலை?

கவலை இதுதான். வெட்டும் அளவு ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஆண்டுக்கு 3.5 சதவீதம் வளர்ந்துகொண்டிருந்தது. கேட்க சின்ன எண் மாதிரி இருக்கும். ஆனால் கூட்டு வட்டி போல, 20 ஆண்டுக்கு ஒருமுறை இது இரட்டிப்பாகும். 100 ஆண்டில் 5 முறை இரட்டிப்பு, அதாவது ஏறக்குறைய 32 மடங்கு. இப்படியே போனால் 1961-ல் மட்டும் பிரிட்டனுக்கு 260 கோடி டன் தேவைப்படும் என்று அவர் கணித்தார். ஆயிரம் ஆண்டுக்கான இருப்பு சுமார் 110 ஆண்டில் காலி.

இப்படி ஒரு நாள் வரவே வராது என்பதும் அவருக்குத் தெரியும். கடைசிக் கரித்துண்டு எடுக்கப்படும் முன்பே வேறொன்று நடக்கும் என்றார். மேலாக இருக்கும் கரியை முதலில் வெட்டிவிடுவார்கள். அப்புறம் சுரங்கம் ஆழமாகும், செலவு கூடும், விலை ஏறும். அமெரிக்காவின் நிலக்கரிப் படுகைகளோ பிரிட்டனுடையதைவிடப் பல மடங்கு பெரியவை. மலிவான கரி எங்கே இருக்கிறதோ அங்கே தொழில் நகரும். பிரிட்டன் இருட்டில் மூழ்காது, ஆனால் முதலிடத்தை இழக்கும். ஒரு வளம் தீர்ந்துபோவது என்பது பொருளாதாரத்தில் விலை வழியாகத்தான் நடக்கும் என்ற இந்தப் பார்வை இன்றும் பாடத்தின் முதல் வகுப்பு.

சிக்கனம் செய்தால் சரியாகிடுமே?

படித்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. இன்ஜின்கள் ஆண்டுக்கு ஆண்டு தரமாகிக்கொண்டு வருகின்றன, குறைந்த கரியில் அதிக வேலை செய்கின்றன. அப்படியென்றால் கரித் தேவை தானாகவே குறையாதா?

குறையாது, கூடும் என்பதுதான் நூலின் ஏழாவது அத்தியாயத்தில் ஜெவன்ஸ் தந்த பதில். இதற்கு அவர் காட்டிய சாட்சி ஸ்காட்லாந்தின் இரும்பு உலைகள். 1828-ல் ஜேம்ஸ் நீல்சன், உலைக்குள் குளிர்ந்த காற்றுக்குப் பதிலாகச் சூடான காற்றைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஒரு டன் இரும்பு உருக்கத் தேவைப்பட்ட நிலக்கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அருமையான சிக்கனம். ஆனால் 1830-க்கும் 1863-க்கும் இடையில் ஸ்காட்லாந்தின் இரும்புத் தொழில் எரித்த மொத்த நிலக்கரி 10 மடங்கு கூடியது.

எப்படி? கரிச் செலவு குறைந்ததால் இரும்பு மலிவானது. இரும்பு மலிவானதால் பாலம், தண்டவாளம், இயந்திரம் என எல்லாவற்றிலும் அதைப் பயன்படுத்தினார்கள். லாபம் கூடியதால் புதுப்புது உலைகள் வந்தன. ஒவ்வோர் உலையும் தனித்தனியாகச் சிக்கனம்தான். மொத்த ஊரும் சேர்ந்து ஊதாரி.

நீராவி இன்ஜினிலும் இதே கதை. ஜேம்ஸ் வாட்டின் இன்ஜின் முந்தையவற்றைவிடக் குறைவாகக் கரி தின்றது. அதனாலேயே அது சுரங்கத்தைத் தாண்டி ஆலைக்கும் போனது.

மைலேஜ் நன்றாகத் தரும் பைக் வாங்கியவர், பஸ்ஸில் போன இடத்துக்கெல்லாம் பைக்கிலேயே போக ஆரம்பிப்பதை யோசித்துப் பார்க்கலாம். லிட்டருக்கு ஓடும் தூரம் கூடுகிறது. மாசக் கடைசியில் பெட்ரோல் பில் மட்டும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை.

நாடாளுமன்றம் வரை போன புத்தகம்

நூல் வந்து ஓராண்டு ஆனது. 1866 ஏப்ரலில் தத்துவ அறிஞரும் எம்.பி.யுமான ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் இந்த நூலைக் குறிப்பிட்டுப் பேசினார். அடுத்த மாதம் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் தன் பட்ஜெட் உரையில் அந்த வாதத்தைப் பயன்படுத்தினார். நிலக்கரிச் செல்வம் இருக்கும்போதே தேசத்தின் கடனைக் குறைத்துவிட வேண்டும், வளம் குறைந்த தலைமுறையின் தலையில் அதைக் கட்டக் கூடாது என்பது ஜெவன்ஸ் சொன்ன யோசனை. நிலக்கரி இருப்பை ஆராய அரச ஆணையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. அதே 1866-ல் ஓவன்ஸ் கல்லூரி அவரைப் பேராசிரியர் ஆக்கியது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. நிலக்கரிப் பயன்பாட்டுக்கு வரி போடு, கட்டுப்பாடு விதி என்று ஜெவன்ஸ் கேட்கவில்லை. அது தொழிலின் கழுத்தையே நெரிக்கும் என்று நினைத்தார். கொஞ்ச காலம் ஓங்கி வாழ்வதா, நீண்ட காலம் சுமாராக வாழ்வதா என்ற தேர்வைத்தான் நாட்டின் முன் வைத்தார். அவர் மனம் சாய்ந்தது முதலாவது பக்கம். ஆனால் அந்தச் செல்வம் இருக்கும்போதே கடனை அடைக்கவும், பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பவும் அதைச் செலவிட வேண்டும் என்றார்.

கோட்பாடும் பியானோவும் சூரியப் புள்ளியும்

பெயர் கிடைத்ததும், யாரும் கண்டுகொள்ளாத அந்தப் பழைய கோட்பாட்டை விரித்து எழுதினார். 1871-ல் வந்த அரசியல் பொருளாதாரக் கோட்பாடு நூல் அது. வெயிலில் வந்தவருக்கு முதல் டம்ளர் தண்ணீர் அமிர்தம். ஐந்தாவது டம்ளர் வேண்டவே வேண்டாம். ஒரு பொருளின் மதிப்பை முடிவு செய்வது கடைசியாகக் கிடைக்கும் அளவு தரும் திருப்திதான் என்பது அதன் சாரம். இறுதிநிலைப் பயன்பாடு என்று இன்று பிளஸ் ஒன் மாணவர்களும் படிக்கும் பாடம். ஆஸ்திரியாவில் கார்ல் மெங்கரும் சுவிட்சர்லாந்தில் லியோன் வால்ராவும் ஏறக்குறைய அதே காலத்தில் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

தர்க்கக் கணக்குகளைத் தானாகத் தீர்க்கும் ஓர் இயந்திரத்தையும் ஜெவன்ஸ் வடிவமைத்தார். பார்க்கப் பியானோ போலவே இருக்கும். 1870-ல் ராயல் சொசைட்டியில் அதைக் காட்டினார்.

சறுக்கலும் உண்டு. வியாபார நெருக்கடிகள் ஏறக்குறைய 10 ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்குக் காரணம் சூரியனில் தோன்றும் புள்ளிகள் என்று நம்பினார். சூரிய மாற்றத்தால் இந்தியாவில் விளைச்சல் கெடும், அதனால் அங்குள்ள மக்கள் இங்கிலாந்துத் துணியை வாங்க மாட்டார்கள், அதனால் லங்காஷயர் ஆலைகள் தள்ளாடும் என்று சங்கிலி கோத்தார். சென்னை மாகாணம் 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான் இந்த ஆய்வுகள் வந்தன. சூரியப் புள்ளிக் கோட்பாடு பிற்கால ஆய்வில் நிற்கவில்லை.

உழைப்பு உடம்பைத் தின்றது. 1876-ல் தான் படித்த லண்டன் கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பியவர், 1880-ல் எழுதுவதற்காக வேலையை விட்டார். 1882 ஆகஸ்ட் 13 அன்று, குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்த இங்கிலாந்தின் தென்கடற்கரையில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். வயது 46.

எங்கே தவறினார்?

அவர் கணித்த 1961 வந்தது. பிரிட்டன் 260 கோடி டன் வெட்டவில்லை. அதன் நிலக்கரி உற்பத்தி 1913-ல் சுமார் 29 கோடி டன்னில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. தொழிலின் முதலிடம் அமெரிக்காவுக்குப் போகும் என்பது மட்டும் அப்படியே பலித்தது.

பெரிய தவறு மாற்று எரிபொருள் பற்றியது. காற்று, நீர், கடல் அலை, பெட்ரோலியம் எல்லாவற்றையும் ஓர் அத்தியாயத்தில் பரிசீலித்தார். காற்று நம்பமுடியாதது, பெட்ரோலியம் அளவில் குறைவு என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார். சூரிய ஒளியை ஒருநாள் சேகரிக்க முடியலாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அது நடந்தால் பிரிட்டனின் தனிச்சிறப்பு போய்விடும் என்றே வருந்தினார்.

பற்றாக்குறை பயம் அவர் வீட்டுக்குள்ளும் இருந்தது. காகிதம் கிடைக்காமல் போய்விடும் என்று எழுதுதாளும் பழுப்புநிறப் பொட்டலத் தாளும் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார். அவர் இறந்து 50 ஆண்டுக்கு மேலாகியும் பிள்ளைகளால் அதைத் தீர்க்க முடியவில்லை என்று 1936-ல் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் பதிவு செய்திருக்கிறார். மகன் ஹெர்பர்ட் ஸ்டான்லி ஜெவன்ஸும் பொருளாதார அறிஞர்தான். பிரிட்டனின் நிலக்கரி வணிகம் பற்றி 1915-ல் நூல் எழுதினார். இந்தியாவுக்கு வந்து அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் கற்பித்தார்.

அப்போ எல்.இ.டி. பல்பு வாங்குறது வீணா?

வீண் இல்லை. ஜெவன்ஸ் சொன்னது எல்லா இடத்திலும் அப்படியே பலிக்கும் விதி அல்ல. சிக்கனத்தால் கிடைத்த மிச்சத்தில் எவ்வளவு பங்கை கூடுதல் பயன்பாடு திரும்பத் தின்கிறது என்பதை ரீபவுண்ட் விளைவு என்கிறார்கள். வீட்டு உபயோகத்தில் பெரும்பாலும் இது முழு மிச்சத்தையும் தின்பதில்லை. கரண்ட் குறைவாக எடுக்கிறது என்பதற்காக யாரும் ரெண்டாவது ஃபிரிட்ஜ் வாங்கி அடுக்குவதில்லை. ஆனால் நீராவி இன்ஜின், இரும்பு, இன்றைய கணினித் திறன் போல, மலிவானால் நூறு புதுப் பயன்பாடு முளைக்கும் தொழில்நுட்பங்களில் ஜெவன்ஸ் எச்சரித்தது நடக்க வாய்ப்பு அதிகம்.

அதனால்தான் செயல்திறன் மட்டும் போதாது, எரிபொருளின் விலையிலும் கை வைக்க வேண்டும் என்று பல ஆற்றல் பொருளாதார அறிஞர்கள் வாதிடுகிறார்கள். இதற்கு பிரிட்டனே ஓர் உதாரணம். 2012-ல் அந்நாட்டு மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2013-ல் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். இயற்கை எரிவாயுவும் காற்றாலையும் இடத்தைப் பிடித்தன. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. 2015 டிசம்பரில் கெல்லிங்லியில் கடைசி ஆழ்சுரங்கம் மூடப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் அனல்மின் நிலையம் நின்றபோது, நிலக்கரி மின்சாரம் அங்கே முடிவுக்கு வந்தது. பிரிட்டனின் நிலத்தடியில் இன்னும் நிலக்கரி மிச்சம் இருக்கிறது. வெட்டுவதைத்தான் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள்.

உலகம் இன்னும் நிறுத்தவில்லை. இன்றைய அனல்மின் நிலையங்கள் ஜெவன்ஸ் காலத்து நீராவி இன்ஜின்களைவிடப் பல மடங்கு திறமையானவை. ஆனாலும் 2024-ல் உலகம் எரித்த நிலக்கரி, சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி சுமார் 880 கோடி டன். 1861-ல் பிரிட்டன் வெட்டியதைப் போல நூறு மடங்குக்கும் மேல்.